ரக்ஷகர்த்தாவின் கையெழுத்து

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
7-1-1980

அனந்துவின் அப்பாவுக்கு லலிதா அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அனந்துவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நாகபுரியில் குளிர் கடுமை என்று பேப்பரில் பார்த்தேன். அந்தப் பழுப்பு ஸ்வெட்டரின் முழங்கைக் கிழிசலைத் தைக்கக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போனீர்கள். யாராவது தைத்துக் கொடுத்தார்களா தெரியவில்லை.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி அனந்துவுக்கு இடது முழங்கால் வீங்கியது. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. காலையில் எழுந்தபோதே முழங்கால் தேங்காய் மாதிரி இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு மெடிக்கல் காலேஜுக்கு ஓடினேன். ரத்தத்தைத் தெளியவிட்டு மேலே எடுக்கிற மஞ்சள் நீர், பிளாஸ்மா, ரத்தம் உறையாத இவனுக்கு அதை ஏற்றினால்தான் உள்ளே கசிவு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே ஒரு பாட்டில்கூட இல்லை. ரத்தம் கொடுக்க ஆள் தேடி, எடுத்து, பிரித்து, ஏற்றி முடிக்க ஏழு மணி நேரம் ஆயிற்று. ஏழு மணி நேரமும் குழந்தை கத்தினான். எட்டு வயசுப் பிள்ளை, "அம்மா, காலை வெட்டி எடுத்துடச் சொல்லேன்" என்கிறான்.

ரத்த வங்கி டாக்டர் ரத்னாபாய் நாகர்கோவில்காரர், மனசுள்ள மனுஷி. "எடுத்து உறைய வச்சிட்டா மாசக்கணக்கா இருக்கும் லலிதா. வேணும்போது வெந்நீர்ல உருக்கி ஏத்தலாம். ஆனா என்கிட்ட இருக்கிற பெட்டியில ஐஸ்கிரீம்கூட உறையாது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா. தினம் சாயங்காலம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு ஒரு டிரங்க் கால் போகும். இறாலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. "ஸ்டோர் மைனஸ் முப்பது, எல்லாம் சரி" என்று ஒருவர் சொல்வார். ஆபரேட்டர் கேட்கக் கூடாதுதான். ஆனால் லைன் சேர்ந்ததா என்று பார்க்கும்போது காதைக் கழற்றியா வைக்க முடியும்? இறாலுக்கு மைனஸ் முப்பது இருக்கிறது, என் பிள்ளைக்கு இல்லை.

லீவு போட்டுவிட்டு மூன்று இடத்துக்குக் கால் தேய நடந்தேன். ஆஸ்பத்திரியில் பாட்டில், கம்பெனியில் குளிர், இரண்டுக்கும் நடுவில் தினம் விழிஞ்ஞம் போய்த் திரும்புகிற பால் வண்டி. மூன்றும் தனித்தனியாக இருக்கிறது, சேர்த்துவிட்டால் போதும். ஆனால் ஆஸ்பத்திரி ஆபீசில், கம்பெனி முதலில் எழுதித் தரட்டும் என்கிறார்கள். கம்பெனி மேனேஜர், ஆஸ்பத்திரி எழுதித் தரட்டும் என்கிறார். பால் டிப்போவில், அவர்கள் இரண்டு பேரும் எழுதினால் பார்க்கலாம் என்கிறார்கள். என் பிராணனை வாங்கிவிட்டார்கள். கடைசியில் ரத்னாபாய் டாக்டரே ஒரே காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுதித் தந்தார். அதற்கு மூன்று பேரும் சரி என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று குழந்தையின் ரக்ஷகர்த்தா முதலில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். இங்கே பள்ளிக்கூடம் முதல் ஆஸ்பத்திரி வரை ரக்ஷகர்த்தா என்றால் அப்பாதான். நான் போடுகிறேன் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அச்சன் உண்டல்லோ? அச்சன் இருக்கும்போ அம்மை எங்ஙனே ஒப்பிடும்?" என்றார்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். இந்த மூன்று வருஷத்தில் உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன்.

தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
லலிதா


நாகபுரி
16-1-1980

சௌ. லலிதாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதமும் காகிதமும் கிடைத்தன. அனந்துவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நீ எழுதவில்லை. நடக்கிறானா, இல்லை காலை இழுக்கிறானா?

உன் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. மூன்று டிபார்ட்மெண்ட்டை ஒரே காகிதத்தில் உட்காரவைப்பது எத்தனை கஷ்டம் என்று ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருபது வருஷம் இருக்கிற எனக்குத் தெரியும். கெட்டிக்காரிதான்.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்டேன். உன் அப்பா காரியத்தின்போது, பதின்மூன்றாம் நாள் பந்தியில், உன் சித்தப்பா அனந்துவைப் பார்த்துவிட்டு, "நம்ம ராமுவுக்கும் இப்படித்தான் நிக்கவே இல்லை" என்று வாய் தவறிச் சொன்னார். உன் தம்பி ராமசுப்ரமணியன் பதினோரு வயசில் மஞ்சள் காமாலையில் போனான் என்றுதான் கல்யாணத்தின்போது எனக்குச் சொன்னது. அன்றைக்கே உன்னைக் கேட்டேன். தெரியாது என்றாய்.

அனந்துவுக்குக் காது குத்த மூன்று தடவை நாள் பார்த்தோம். மூன்று தடவையும் நீ தள்ளினாய். முதலில் அவனுக்கு ஜலதோஷம் என்றாய். அப்புறம் நீ தூரம் என்றாய். மூன்றாவதாக என் பெரியப்பா போன தீட்டு வந்து சேர்ந்தது. நாலாவது தடவை நான் பிடிவாதம் பிடித்தேன். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய குழந்தை. மாமன் இல்லை என்று என் மடியில் வைத்துக் குத்தினார்கள். ஆறு நாள் நிற்கவில்லை. என் வேஷ்டியில் பட்டது நினைவிருக்கிறதா?

ஏன் தள்ளினாய்? அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்குப் பதில் வரட்டும். கையெழுத்து ஒரு நிமிஷ வேலை.

பட்டாபி


ஸ்ரீவராகம்
24-1-1980

அனந்துவின் அப்பாவுக்கு லலிதா நமஸ்காரம்.

வீக்கம் வடிந்துவிட்டது. விந்தி நடக்கிறான். ஏழாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டது. எட்டில் தகராறு செய்கிறான்.

உங்கள் காகிதத்துக்காகக் காத்திருக்க முடியவில்லை. கள்ளத்தனமாக ஆரம்பித்துவிட்டோம். மைனஸ் முப்பது என்று போனில் சொல்கிறவர் பெயர் யோசுவா. கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், குளச்சல் பக்கத்துக்காரர். அவரிடமே லைனில் பேசினேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் பேசினேன். அவர் பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டார். அப்புறம், "பிள்ளைக்குன்னா கொண்டுவாங்கம்மா. மேனேஜரு ஸ்டோருக்குள்ள கால் வைக்கமாட்டாரு, அவருக்குக் குளுரு ஆகாது" என்றார்.

முதல் தடவை அனுப்பிய நாலு பாட்டிலும் உறையும்போது வெடித்துப் போயிற்று. டாக்டரம்மா கழுத்து வரை நிரப்பியிருந்தார். நான் அழுதுவிட்டேன். யோசுவாதான் சொன்னார். "களுத்து வரை நெறச்சா ஐஸ் ஆவும்போ குப்பி பொட்டும்லா. முக்கால் போதும். படுக்கப் போட்டு உறைய வைக்கணும்." அத்தனை படித்த டாக்டரம்மா அதைத் தாளில் குறித்துக்கொண்டார். இப்போது வாரத்துக்கு மூன்று பாட்டில் போகிறது. பால் வண்டி ஓட்டுகிற சொரிமுத்து அம்பாசமுத்திரத்துக்காரர், காலிப் பால் கேனுக்கு நடுவில் மீன் பெட்டியை வைத்துக்கொண்டு போகிறார். திரும்பி வரும் காலிப் பெட்டியை நம் வீட்டில்தான் இறக்குகிறார், மீன் வாடை அடிக்கிறது என்று தெருவில் பேச்சு. ஸ்ரீவராகத்தில் மீன் பெட்டி இறங்குகிற வீடு என்று நம் வீட்டைத்தான் காட்டுகிறார்கள். காட்டட்டும்.

எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். எனக்கு டியூட்டி இல்லாதபோதும் மற்றப் பெண்கள் அந்த வரிசையில் கூப்பிடுவார்கள். முதலில் ரத்னாபாய், பிறகு யோசுவா, பிறகு பால் டிப்போ, நாலாவது பக்கத்து வீட்டு நம்பரில் நான். ஐந்தாவதாக நாகபுரியில் உங்கள் ஆபீஸ் நம்பர். அதற்கு நேரே ரக்ஷகர்த்தா என்று எழுதியிருக்கிறேன்.

எல்லாம் நூல் பிடித்த மாதிரி நடக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் கேள்வி கேட்டால் மூன்று பேர் வேலையும் போய்விடும். காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் இது களவு இல்லை. காது குத்தினது எட்டு வருஷத்துப் பழசு. இப்போது அதைக் கிளறி என்ன ஆகப் போகிறது? குழந்தையை நினையுங்கள்.

லலிதா


நாகபுரி
3-2-1980

சௌ. லலிதாவுக்கு ஆசீர்வாதம்.

எட்டாம் வாய்ப்பாடு எனக்கும் தகராறு செய்ததுதான். அடிக்காதே. அவனை யாரும் அடிக்கக் கூடாது என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

இங்கே ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். இது அம்மா வழியில் வருவது, பெண்ணுக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குத்தான் செய்யும் என்றார். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. ரத்தத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? அதற்காக உன்னை விட்டு வந்தேன் என்று ஸ்ரீவராகம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கலாம். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் போலிருக்கிறது.

அந்தக் கடுக்கன் இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன. கழற்றும்போது என் கையில்தான் கொடுத்தார்கள். இத்தனை வருஷமாகியும் தூக்கிப் போட மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

நான் கேட்டது ரத்தத்தைப் பற்றி இல்லை. அன்றைக்குக் காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்துத் துடைத்தார். குழந்தை என் மடியில் சிரித்துக்கொண்டிருந்தான். நீ அப்போது எங்கே இருந்தாய்? கேள்விக்குப் பதில் வராத பைலை நான் மேலே அனுப்பிப் பழக்கமில்லை. காகிதம் மேஜையில் இருக்கிறது.

பட்டாபி


மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு
20-2-1980, காலை பத்தரை மணி

உங்களுக்கு,

நமஸ்காரம் எழுத நேரமில்லை. இது டாக்டரம்மா கொடுத்த சீட்டின் பின்பக்கம்.

திங்கட்கிழமை இறால் ஏற்றுமதியைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் அவரோடு ஸ்டோருக்குள் போயிருக்கிறார். பாட்டில்களைப் பார்த்துவிட்டார். இது யாருடைய அனுமதி என்று கேட்டதற்கு யோசுவாவிடம் காட்டக் காகிதம் இல்லை. பதினைந்து பாட்டில் இருந்தது. பதினொன்றை வெளியே வெயிலில் வைத்துவிட்டார்கள். யோசுவாவை அங்கேயே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த மனுஷர் நாலு பாட்டிலை மட்டும் எப்படியோ மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போய், மீன் பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் போட்டுப் புதைத்து வைத்திருக்கிறார். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிருமாம். அவர் பெண்டாட்டி மணிக்கு ஒரு தரம் தண்ணீரை வடித்து ஐஸ் போடுகிறாளாம். அவர்களுக்கு நாம் என்ன உறவு?

நேற்றுச் சாயங்காலம் அனந்து பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டான். தலையில் பின்பக்கம் அடி. வெளியே ஒன்றுமில்லை. இன்று விடியற்காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இப்போது கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொள்கிறான். தலைக்குள்ளே கசிவு இருக்கலாம், பிளாஸ்மா ஏற்றாமல் யாரும் தொட முடியாது என்கிறார் ரத்னாபாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இன்றைக்கு பந்த். ஊரில் ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை. ரத்தம் கொடுக்கிறவர்கள் வர வழியில்லை. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் இரண்டும் கேசுக்குப் போயிருக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் கோமதியம்மாள் நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல் போர்டில் இருக்கிறாள். அவள்தான் அட்டையைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். யோசுவாவுக்கு அவர் தெருக் கடை போனில் சொல்லியாயிற்று. பால் டிப்போவில் சொரிமுத்து, "பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, இந்த மூணையும் பந்த்ல எவனும் மறிக்க மாட்டாம்லா. நான் கொண்டாறேன், அம்மாட்ட சொல்லுங்க" என்றாராம். ஏழரைக்குக் கிளம்பியவர் இன்னும் வரவில்லை. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கோமதியம்மாள் நாகபுரிக்கும் இரண்டு தடவை கூப்பிட்டாளாம். நீங்கள் சீட்டில் இல்லை என்றார்களாம்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்க ஐந்து நாள் ஆகும். அதற்குள் ஒன்று இவன் இருப்பான், அல்லது இருக்கமாட்டான். அதனால் கையெழுத்துக்காக இதை எழுதவில்லை. இனி எனக்கு அதனால் ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

எனக்குத் தெரியும்.

ராமுவுக்குப் பல் பிடுங்கிய அன்று எனக்குப் பதின்மூன்று வயசு. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் துப்பினான். ஐந்தாம் நாள் துப்பத் தெம்பில்லை. அம்மாவின் மாமாவும் அப்படித்தான் போனாராம். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று, காமாலை என்று சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது காமாலை ஆகிவிட்டது. அனந்து பிறந்தபோது அது திரும்ப ரத்தமாகிவிட்டது.

மூன்று தடவையும் நான்தான் தள்ளினேன். நாலாவது தடவை தள்ளக் காரணம் கிடைக்கவில்லை. ஒருவேளை இவனுக்கு இருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். வேண்டிக்கொண்டேன். பத்தர் ஊசியைத் துடைத்தபோது நான் அடுக்களையில் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். வாசல் வழியாக உங்கள் முதுகு தெரிந்தது. குழந்தையின் கால் இரண்டும் உங்கள் தொடையில் ஆடிக்கொண்டிருந்தன. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நீங்கள் என்னை அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன். அவன் ரத்தத்தைவிட என் வாழ்க்கை எனக்குப் பெரிதாக இருந்தது அந்த ஒரு நிமிஷம். அப்புறம் ஒரு நாளும் அப்படி இருக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் இருந்தது.

மாமன் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டே உங்கள் மடியில் உட்கார வைத்தேன். இதுதான் நீங்கள் கேட்டது.

பதினொன்றே கால் ஆயிற்று. வண்டி வரவில்லை. கூப்பிட்டால் இப்போது கண்ணையும் திறக்கவில்லை.


21-2-1980, காலை

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. திருவல்லத்தில் கொடி பிடித்தவர்கள் நிறுத்திவிட்டார்களாம். பால் கேனுக்கு நடுவில் மீன் பெட்டியைப் பார்த்துவிட்டு, பால் என்று போர்டு மாட்டிக்கொண்டு பந்த் நாளில் மீன் கடத்துகிறான் என்று சொரிமுத்துவைக் கீழே இழுத்துச் சட்டையைக் கிழித்துவிட்டார்கள். பெட்டியைச் சாலையில் கவிழ்க்கத் தூக்கியவன், ஐஸுக்குள் மஞ்சள் பாட்டிலைப் பார்த்து நின்றுவிட்டானாம். அதில் ரத்னாபாய் டாக்டர் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அப்புறம் கொடியோடு அவனே முன்சீட்டில் ஏறிக்கொண்டு, வழியில் நிறுத்தினவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தான். பெயர் கேட்பதற்குள் போய்விட்டான்.

ஒரு பாட்டில் உடைந்திருந்தது. மூன்று ஏற்றினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அனந்து கண்ணைத் திறந்து, "மீன் நாத்தம் அடிக்கறதே" என்றான். ரத்னாபாய் அழுதார். நான் அழவில்லை, எனக்கு அப்போது வரவில்லை.

நேற்றுத் தபால் எடுக்கவில்லை. இந்தச் சீட்டு என் கையில்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு, குழந்தை பிழைத்தான் என்று மட்டும் ஒரு கார்டு எழுதலாம் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் அடுக்களையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால் போடுகிறேன்.

லலிதா


நாகபுரி
5-3-1980

லலிதாவுக்கு,

கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆயிற்று. குழந்தை பிழைத்தானே, அது போதும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் தேதி டிரங்க் கால் வந்தபோது நான் சீட்டில்தான் இருந்தேன். திருவனந்தபுரம் என்று பியூன் சொன்னதும், இல்லை என்று சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னேன். அவன் போய்விட்டான் என்று சொல்லப் போகிறார்கள், அதை நான் கேட்காதவரை அவன் இருப்பான் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக உன் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் திறக்க வேண்டிய நிமிஷத்தில் நானும் திறக்கவில்லை.

உன் பதில் வந்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நீ சொன்னது நிஜம் என்று தெரிகிறது, ஆனாலும் அந்த மடியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அங்கே வந்து உன் முகத்தையும் அவன் காதையும் பார்த்துக்கொண்டு இருக்க எனக்குத் தைரியம் இல்லை. வருகிறேன் என்று எழுதினால் அது இன்னொரு காமாலைதான்.

உன் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால், அடுத்த வருஷம் வேறு காகிதம் வரும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் போக, ஐந்து நாள் வர. அவன் அத்தனை நாள் தாங்கமாட்டான். வக்கீலைப் பார்த்தேன். இதோடு இருக்கிற முத்திரைத் தாளில், அனந்தபத்மநாபனுக்கு எல்லாக் காரியத்திலும் இனி அவன் தாயாரே ரக்ஷகர்த்தா, தகப்பனாகிய எனக்கு அதில் ஆட்சேபமோ தலையீடோ கிடையாது என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி எந்த ஆபீசிலும் நீ என் கையெழுத்துக்கு நிற்க வேண்டாம்.

கடுக்கனை வைத்துக்கொள்கிறேன். அது என்னிடமே இருக்கட்டும்.

பட்டாபி


ஸ்ரீவராகம்
20-4-1980

மதிப்பிற்குரிய உங்களுக்கு லலிதாம்பாள் எழுதியது.

விஷு கழிந்து ஒரு வாரம் ஆகிறது. அனந்து நன்றாக நடக்கிறான். எட்டும் ஒன்பதும் ஒப்பிக்கிறான். காதுத் துளை இரண்டும் தூர்ந்துவிட்டன, தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

முத்திரைத் தாள் கிடைத்த அன்று நான் ஒன்றும் சமைக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டதை ஒரு தாளில் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. உங்கள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் கேட்டதைவிட அதிகம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "அப்போ அம்மை தன்னே ஒப்பிட்டால் மதி" என்றார். அம்மா கையெழுத்தே போதுமாம். போட்டேன். அதற்குக் கீழே ஆஸ்பத்திரி, கம்பெனி, பால் டிப்போ எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போட்டார்கள். இறால் ஸ்டோரில் தனியாக ஓர் அலமாரி கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் யோசுவா மூன்று பாஷையில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. சொரிமுத்துவுக்கு நான் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன், பெரிதாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே போட்டுக்கொள்கிறார். நெய்யாற்றின்கரையில் இரண்டு பிள்ளைகள், விழிஞ்ஞத்தில் ஒரு துலுக்கப் பிள்ளை, நாகர்கோவிலில் ஒருவன், அனந்துவோடு ஐந்து பேருக்கு இப்போது அங்கே பாட்டில் இருக்கிறது. அந்தத் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யார் என்பதுதான். எல்லோரும் காமாலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எக்ஸ்சேஞ்சில் அட்டை பழசாகி மசி பரவிவிட்டது. நேற்றுப் புதிதாக எழுதினேன். நாலு நம்பர் எழுதி முடித்ததும் கோமதியம்மாள், "அஞ்சாவது?" என்று கேட்டாள். எங்கள் டிபார்ட்மெண்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை நாள் எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருந்தாலும், சந்தாதாரர் தன் கையால் எழுதிக் கொடுக்காமல் ஒரு நம்பரை நாங்கள் கோடு போட்டு நீக்குவதில்லை. மூன்று வருஷம் அந்த வழக்கத்தைத்தான் நானும் வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அட்டையில் இப்போது நாலு நம்பர்தான் இருக்கிறது.

ஸ்வெட்டரை யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

லலிதாம்பாள்